கிராங்கை மாற்றினால் எதிர்காற்றில் மிதிப்பது எளிதாகுமா?

கேள்வி: பாம்பனிலிருந்து மண்டபத்துக்குப் பாலத்தின் வழியே சைக்கிளில் வேலைக்குச் செல்கிறேன். கச்சான் (மேற்கிலிருந்து வீசும்) காற்று வீசும் மாதங்களில் மிதிக்கவே முடிவதில்லை; கிராங்கிலும் (பெடலைத் தாங்கும் கையிலும்) ‘டக் டக்’ என்று ஒலி கேட்கிறது. முன்னே 48 பல், பின்னே 18 பல், காட்டர் பின் (கிராங்கை அச்சோடு பிணைக்கும் ஆப்பு) வைத்த 170 மி.மீ. கிராங்க். அதைவிட நீளமான கிராங்க் போடலாமா?
– வாசகர், பாம்பன்

பதில்: காற்றுக்காகக் கிராங்கை மாற்ற வேண்டாம். 175 மி.மீ. கிராங்க் போட்டாலும் மிதிக்கும் விசை 3 விழுக்காடு அளவே குறையும். மாறாக, பின்சக்கரத்தில் 22 பல் ஃப்ரீவீல் (செயின் ஓடும் பல்சக்கரம்) போட்டால் ஏறத்தாழ 18 விழுக்காடு குறையும், செலவும் குறைவு. சக்கரத்தை முன்னே தள்ளியும் செயின் எட்டாவிட்டால் ஓர் இணைப்புச் சேர்க்க வேண்டியிருக்கும். காற்று முதுகில் தள்ளும் மாலையில் கால் வேகமாகச் சுழலும் என்பது உண்மைதான். ஆயினும் பாலத்தின் ஏற்றத்தில் எதிர்காற்றோடு மல்லுக்கட்டுபவருக்கு இந்த மாற்றமே பயன் தரும்.

ஒலியின் காரணம் வேறு. கிராங்குகளைக் கிடைமட்டமாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஆடினால், கிராங்க் அச்சைத் தாங்கும் கப்பும் பால்ஸும் (கிண்ணமும் குண்டுகளும்) தேய்ந்திருக்கின்றன அல்லது தளர்ந்திருக்கின்றன. ஒன்று மட்டும் ஆடினால் அந்தப் பக்கத்துக் காட்டர் பின் தேய்ந்துவிட்டது. புதிய பின்னை நட்டை முடுக்கி இழுத்துக்கொள்ளலாம் என்று எண்ணாமல், கிராங்கின் அடியில் இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்துச் சுத்தியால் அடித்து இறக்கிய பின்னரே நட்டை முடுக்கச் சொல்லுங்கள். முட்டில்லாமல் அடித்தால் அந்த அடி முழுவதும் பால்ஸின் மேல் விழும்.

காட்டர் பின் அடிக்கடி தளர்ந்தால் காட்டர் இல்லாத, சதுர முனை ஆக்சிலுக்கு மாறுவது நல்லது. ஆனால் கடையில் கிடைக்கும் மூடிய பேரிங் பெட்டி பெரும்பாலும் அங்குலத்துக்கு 24 மரைப்புரி கொண்டது. பழைய சைக்கிள் சட்டங்கள் (ஃப்ரேம்கள்) சிலவற்றில் 26 புரி இருப்பதால், பழைய கப்பைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்குங்கள். பொருந்தாததை வலிந்து ஏற்றினால் சட்டத்தின் மரையே போய்விடும்.

அலுமினியக் கிராங்கும் எஃகுப் பெடலும் நம் உப்புக் காற்றில் ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும் என்பதால், பெடல் மரைக்குக் கிரீஸ் தடவாமல் பூட்ட விடாதீர்கள். புதுக் கிராங்கின் போல்ட்டை முதல் வாரத்திலேயே மறுபடி முடுக்குங்கள். தளர்ந்த நிலையில் ஓட்டினால் சதுரத் துளை உருண்டுபோய்க் கிராங்கே வீணாகும்.