நான்காவது தெளிப்பை நிறுத்துங்கள், குச்சியைப் பாருங்கள்

கேள்வி: மூன்று ஏக்கரில் மரவள்ளி, ஐந்து மாதப் பயிர். மாவுப்பூச்சி ஏறி, கொழுந்தெல்லாம் சுருண்டு கொத்தாக நிற்கிறது. மூன்று முறை மருந்து அடித்துவிட்டேன். அடித்த வாரம் குறைகிறது, அப்புறம் முன்பைவிட அதிகமாக வருகிறது. கடையில் இரண்டு மருந்தையும் ஒரு டானிக்கையும் கலந்து மறுபடி அடிக்கச் சொல்கிறார்கள். எந்த அளவில் கலப்பது? (நடவுக் குச்சி, டெம்போவில் வந்த வியாபாரியிடம் வாங்கியது.)
– ஒரு விவசாயி, நாமக்கல் மாவட்டம்

பதில்: எந்த அளவிலும் கலக்க வேண்டாம். பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது, அதுவும் சுருண்ட கொழுந்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் அடித்ததில் பாதி அதன் மேல் படவே இல்லை. மாவுப்பூச்சியைக் கொல்லும் பொடிக் குளவிகள் வெளியே திரிகின்றன, அவற்றின் மேல் நன்றாகப் பட்டிருக்கும். முன்பைவிட அதிகமாக வருவதற்குக் காரணம் அதுதான். இரண்டு மருந்தோடு டானிக் என்பது கடைக்காரரின் கல்லாவுக்கு ஏற்ற கலவை. அவர் உங்கள் மரவள்ளிக் காட்டை வந்து பார்த்தாரா?

முதலில் ஒரு பூச்சியை எடுத்து மாவைத் தட்டிவிட்டுப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் பப்பாளி மாவுப்பூச்சி. இளஞ்சிவப்பாக இருந்து, கணுக்கள் நெருங்கிக் கொழுந்து கொத்தாக நின்றால், 2020இல் கேரளாவில் முதலில் தென்பட்டு இங்கே பரவிய மரவள்ளி மாவுப்பூச்சி. உங்கள் வர்ணனை இரண்டாவதைச் சொல்கிறது. ஆண் இல்லாமலே பெருகும் இனம் இது. ஒன்று தப்பினாலும் போதும்.

இதே பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவில் நுழைந்தது. அங்கே இந்தக் கிழங்கு பல வீடுகளில் அன்றாடச் சாப்பாடு, அதனால் பஞ்ச பயமே வந்தது. இதன் பிறப்பிடமான தென் அமெரிக்காவில் தேடி, பராகுவேயில் கிடைத்த அனகைரஸ் லோபெஸி என்ற பொடிக் குளவியை 1981இல் நைஜீரியாவில் விட்டார்கள். நாடு நாடாகப் பரவி அது பூச்சியை அடக்கியது. அதை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியைப் பெங்களூருவில் உள்ள வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டது. உங்களுக்குப் பக்கம்தான், நேரில் போய்க் கேளுங்கள்.

போவதற்கு முன் ஒரு வேலை. பூச்சி பிடித்த நாலைந்து கொழுந்தைக் கிள்ளிக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி நிழலில் வையுங்கள். பழுப்பாக, கெட்டியாக, ஊதினால் பறக்காமல் ஒட்டியிருக்கும் கூடுகள் (குளவிப் புழு உள்ளே தின்று தீர்த்த மாவுப்பூச்சிகள்) தெரிந்தால் குளவி ஏற்கெனவே உங்கள் காட்டில் இருக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் துணிக்கு அடியில் எறும்புக்கும் சிறியதாக ஊரும். அப்படியிருந்தால் கொழுந்தைக் கிள்ளி எரிக்க வேண்டாம். கூடே இல்லையென்றால் மட்டும் கிள்ளி அழியுங்கள். பக்கத்துக் காட்டுக்காரரிடமும் பேசுங்கள். குளவிக்கு வரப்பு தெரியாது. அவர் அடித்தால் உங்களுடையதும் சாகும்.

இனி, அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் குச்சிக்கு வருகிறேன். உங்கள் கேள்வியே அதுவாக இருந்திருக்க வேண்டும். மாவுப்பூச்சியும், இலையில் மஞ்சள் திட்டு விழும் தேமல் நோயும் ஊர்விட்டு ஊர் போவது பெரும்பாலும் குச்சிக் கட்டில்தான். டெம்போ குச்சிக்கு ஊரும் கிடையாது, காடும் கிடையாது. நாலு காட்டுக் குச்சியை ஒரே கட்டாகக் கட்டி, "நயம் முள்ளுவாடி" என்று ரகத்தின் பேரைச் சொல்லி விற்றுவிட்டுப் போய்விடுவார். முளைக்காவிட்டால் எங்கே போய்த் தேடுவீர்கள்?

கணக்கைப் பாருங்கள். மூன்றடிக்கு மூன்றடி நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 5,000 கரணை, அதாவது நடுவதற்கு நறுக்கிய குச்சித் துண்டு. ஒரு செடியில் பத்துக் கரணை தேறும். உங்கள் மூன்று ஏக்கருக்கு 1,500 நல்ல செடி இருந்தால் போதும். அவற்றை இப்போதே அடையாளம் வையுங்கள். அறுவடைக்குள் இலை கொட்டிவிடும், எதற்குத் தேமல் இருந்தது என்று அப்போது தெரியாது. மஞ்சள் திட்டு, இலை நெளிவு, கொத்துக் கொழுந்து எதுவும் இல்லாத செடியில் பழைய சேலைக் கிழிசலைக் கட்டிவிடுங்கள். அறுவடையில் அந்தக் குச்சியை மட்டும் தனியாக, நிழலில், செங்குத்தாக நிறுத்துங்கள். நுனியையும் அடியையும் கழித்துவிட்டு, நடும் நேரத்தில் 15 செ.மீ. நீளத்துக்கு, எட்டுப் பத்துக் கணு இருக்கும்படி நறுக்குங்கள். தோலை நகத்தால் கீறினால் உடனே பால் வர வேண்டும். வராத குச்சி அடுப்புக்கு. கட்டையில் வைத்து அரிவாளால் ஓங்கி வெட்டினால் முனை பிளந்து அழுகும், ரம்பத்தால் அறுங்கள். மருந்துக்கு நான் ஒப்புக்கொள்ளும் ஒரே இடமும் இதுதான்: நடும் முன் கரணையை முக்கி எடுப்பது. அளவை ஏத்தாப்பூரில் கேட்டுக்கொள்ளுங்கள், கடையில் வேண்டாம்.

உங்கள் காட்டில் 1,500 தேறாவிட்டால் நாலைந்து பேர் சேருங்கள். யாருடைய காடு சுத்தமோ அதில் அரை ஏக்கரை விதைக்குச்சிக்கென்று ஒதுக்கி, எல்லோருமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். குச்சிக்குப் பணம் வெளியே போகாது.

அப்புறம் இன்னொன்று. மூன்று ஏக்கரும் ஜவ்வரிசி ஆலைக்கே போகிறது என்றால், கிழங்கின் மாவுச்சத்தை அளந்து ஆலை தரும் பாயிண்ட் விலை விழும் வருஷம் வீட்டுக்கு என்ன மிஞ்சும்? அடுத்த நடவில் முதல் இரண்டு மாதம் வரிசைக்கு நடுவில் உளுந்து அல்லது சின்ன வெங்காயம் போடுங்கள். மரவள்ளி படர்வதற்குள் எடுத்துவிடலாம், வீட்டுச் செலவுக்கு ஆகும்.

அறுவடை சமயத்தில் அதே டெம்போ உங்கள் குச்சியைக் கேட்டும் வரும். கொடுக்காதீர்கள்.