சேர ஒரு தட்டு, விலக ஆறு தட்டு: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தானாகக் கழியும் சந்தா பற்றியவை. அவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதில் எழுதியிருக்கிறேன், அது நீளம். மற்றவை சுருக்கம்.

கூகுளுக்கு 1,337 கோடி ரூபாய் அபராதம் போட்டார்களே, அதில் பயனாளர்களுக்கு ஏதாவது வருமா? (கரூர்)

வராது. பெரிய நிறுவனங்கள் சந்தை பலத்தைத் தவறாகப் பயன்படுத்தாமல் கண்காணிக்கும் போட்டி ஆணையம் விதிக்கும் அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகிறது. 2022 அக்டோபரில் வந்த அந்த உத்தரவால் நமக்குக் கிடைத்தது வேறு. புது ஆண்ட்ராய்டு போனை முதன்முதலில் இயக்கும்போது எந்தத் தேடுபொறி வேண்டும் என்று கேட்கும் திரை வருகிறதே, அதுதான். அதைப் படிக்காமல் 'அடுத்து' தட்டாதீர்கள். தன் தேடுபொறியை முன்னிருப்பாக வைத்திருக்க 2021இல் மட்டும் போன், பிரவுசர் நிறுவனங்களுக்கு கூகுள் சுமார் 2,600 கோடி டாலர் கொடுத்தது என்று அமெரிக்க வழக்கில் வெளிவந்தது. வாங்கியபோது இருந்த அமைப்பை நாம் மாற்ற மாட்டோம் என்ற நம்பிக்கைக்குத்தான் அத்தனை விலை.

7 நாள் இலவசம் என்று ஒரு போட்டோ எடிட்டிங் ஆப்பில் சேர்ந்தேன். பிடிக்கவில்லை, மறுநாளே அழித்துவிட்டேன். மூன்று மாதமாக மாதம் 499 ரூபாய் போகிறது. (திண்டுக்கல், இதே கேள்வி தஞ்சாவூர், நெய்வேலி, ஆவடியிலிருந்தும்)

ஆப்பை அழித்தால் சந்தா அழியாது. இதை எத்தனையோ முறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். ஆப் போனில் இருக்கிறது. சந்தா என்பது உங்கள் கணக்கிலோ வங்கியிலோ நீங்கள் கொடுத்துவைத்த அனுமதி. போனை உடைத்துப் போட்டாலும் அந்த அனுமதி அப்படியே இருக்கும்.

முதலில் பணம் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். பிடித்தம் பற்றி வந்த எஸ்எம்எஸ்ஸில் இருக்கும். கூகுள் ப்ளே என்றால் ப்ளே ஸ்டோரில் வலது மேல் மூலையில் உங்கள் படத்தைத் தட்டி, 'கட்டணங்கள் மற்றும் சந்தாக்கள்', பிறகு 'சந்தாக்கள்'. ஐபோன் என்றால் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தட்டினால் சந்தாப் பட்டியல் வரும். யுபிஐ என்றால் நீங்கள் பயன்படுத்தும் யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' பகுதி. கார்டு எண்ணை நேராக இணையதளத்தில் கொடுத்திருந்தால் வங்கியின் நெட் பேங்கிங்கில் 'இ-மேண்டேட்' பக்கம். பலர் ப்ளே ஸ்டோரில் தேடிவிட்டு 'இல்லையே' என்று நின்றுவிடுகிறார்கள். நாலு இடத்திலும் தேட வேண்டும்.

கார்டு, யுபிஐ மூலம் தானாகக் கழிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் உங்களுக்குத் தகவல் வர வேண்டும். 15,000 ரூபாய்க்கு மேல் போனால் பெரும்பாலான சந்தாக்களுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்க வேண்டும். இது ரிசர்வ் வங்கி விதி. அந்த முன்தகவல் உங்களுக்கும் வந்திருக்கும், விளம்பரத்தோடு விளம்பரமாகத் தள்ளியிருப்பீர்கள். வரவே இல்லை என்றால் வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.

இனி இதன் இன்னொரு பக்கம். உங்கள் மறதியை மட்டும் குறை சொல்லி என்னால் நிறுத்த முடியாது, ஏனென்றால் அந்த மறதியைக் கணக்குப் போட்டுத்தான் இந்தத் திரைகளை வடிவமைக்கிறார்கள். அமெரிக்காவில் அமேசான் ப்ரைம் மீது அந்நாட்டு வர்த்தக ஆணையம் போட்ட வழக்கைப் பாருங்கள். சேர ஒன்றிரண்டு தட்டு போதும். விலக நாலு பக்கம், ஆறு தட்டு, பதினைந்து தெரிவுகள். பத்தாண்டுப் போரைப் பாடும் கிரேக்கக் காவியத்தின் பெயரான 'இலியட்' என்பதையே அந்த விலகும் பாதைக்கு நிறுவனத்துக்குள் வைத்திருந்தார்கள். எவ்வளவு நீளம் என்று தெரிந்தே கட்டியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு வழக்கு முடிந்தது. அதில் 150 கோடி, சேர்ந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க.

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. 2023 நவம்பர் 30 முதல் 'டார்க் பேட்டர்ன்' வழிகாட்டி நடப்பில் இருக்கிறது. பதின்மூன்று ஏமாற்று வடிவங்களைப் பெயர் சொல்லித் தடை செய்கிறது. அவற்றில் 'சந்தாப் பொறி' ஒன்று. விலகும் வழியை ஒளித்துவைப்பது மட்டுமல்ல, இலவசச் சந்தாவுக்கே கார்டு விவரமோ ஆட்டோ டெபிட் அனுமதியோ கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் அந்த வரையறைக்குள் வருகிறது. திண்டுக்கல் வாசகருக்கு நேர்ந்தது அதுவேதான். ஆகவே 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கும்போது 'பணம் போயிற்று' என்று மட்டும் எழுதாதீர்கள். வழிகாட்டியின் பெயர், 'சந்தாப் பொறி' என்ற வகை, தேதி, தொகை நான்கையும் எழுதுங்கள்.

ஸ்கிரீன்ஷாட் இல்லாமல் வராதீர்கள். சேரும்போது விலை காட்டிய திரை, விலகும்போது வந்த ஒவ்வொரு பக்கம், கடைசியில் 'ரத்தானது' என்ற செய்தி, எல்லாம் மேலே நேரம் தெரியும்படி. இலவச நாட்களை எண்ணிக்கொண்டு கடைசி நாள்வரை காத்திருப்பதும் வேண்டாம். ஆப்பிள் வழியாக எடுத்த சோதனைச் சந்தாவை அது முடிவதற்கு 24 மணி நேரம் முன்பே ரத்து செய்ய வேண்டும். சேர்ந்த அன்றே ரத்து செய்துவிடுங்கள். பெரும்பாலான ஆப்களில் மீதி நாட்கள் ஓடும், சிலவற்றில் அந்த நொடியே நின்றுவிடும். நின்றால் நிற்கட்டும். கூகுள் ப்ளேயில் பணம் திரும்பக் கேட்க, பிடித்த 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடமே கேட்கலாம். தாண்டிவிட்டால் ஆப் நிறுவனத்திடம்தான் போக வேண்டும்.

நாலு வருட ஐபோன் மந்தமாகிவிட்டது. புதுசு வாங்க வைக்க நிறுவனமே வேண்டுமென்று செய்கிறதா? (சேலம்)

பேட்டரி பழசாகிவிட்டால் திடீரென்று அதிக மின்சாரம் கேட்கும்போது கொடுக்க முடியாமல் போன் அணைந்துவிடும். அதைத் தடுக்க மென்பொருள் வழியாக வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது. தொழில்நுட்பக் காரணம் சரி. வாங்கியவரிடம் சொல்லாமல் செய்தது தவறு. அதற்குத்தான் 2020இல் பிரான்ஸ் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் போட்டது. பேட்டரி மாற்றினால் வேகம் திரும்பும் என்று தெரியாமல் எத்தனை பேர் புதுப் போன் வாங்கினார்களோ!

செட்டிங்ஸில் 'பேட்டரி ஹெல்த்' பாருங்கள். 80 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். ஐபோன் 14 வரை சுமார் 500 முழு சார்ஜ், 15 முதல் 1,000 முழு சார்ஜ் தாங்கும்படி செய்திருக்கிறார்கள். ஸ்டோரேஜ் நிரம்பி வழிந்தாலும் மந்தமாகும். பத்தில் ஒரு பங்காவது காலியாக வையுங்கள்.

நாம் பேசுவதை போன் ஒட்டுக்கேட்டு விளம்பரம் போடுகிறதா? (புதுச்சேரி)

ஒட்டுக்கேட்கத் தேவையே இல்லை. எங்கே போனீர்கள், எதைத் தேடினீர்கள், யாரோடு ஒரே வைஃபையில் இருந்தீர்கள் என்பவையே போதும். மைக் அனுமதியை நிறுத்திவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இருப்பிடத் தகவலைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். கூகுளில் இது இரண்டு இடத்தில் பதிவாகும். 'டைம்லைன்' (முன்பு 'லொகேஷன் ஹிஸ்டரி') என்பதை நிறுத்தினாலும் 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' திறந்திருந்தால் தொடர்ந்து பதியும். இதைப் பயனாளருக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை என்பதற்காகவே 2022இல் 40 அமெரிக்க மாநிலங்களோடு சுமார் 39 கோடி டாலருக்கு கூகுள் உடன்பாடு செய்துகொண்டது. இரண்டையும் நிறுத்துங்கள். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் கூகுள், விளம்பரங்கள் என்று போய் விளம்பர அடையாள எண்ணையும் அழித்துவிடுங்கள்.

ரீஃபண்டுக்காக இணையத்தில் கஸ்டமர் கேர் எண் தேடி அழைத்தேன். ஓடிபி சொன்னதும் 18,000 போய்விட்டது. ஷாப்பிங் நிறுவனத்தின் மீது வழக்குப் போடலாமா? (ஊர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்)

நீங்கள் அழைத்தது அந்த நிறுவனத்தையே அல்ல. தேடலில் வரும் கஸ்டமர் கேர் எண்ணை நம்பாதீர்கள் என்று போன மாதமும் இங்கே எழுதினேன். எண் வேண்டுமென்றால் ஆப்புக்குள்ளேயே 'உதவி' பகுதியில் எடுங்கள்.

கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருந்த நாட்களில்தான் பெரிய நஷ்டம். இம்மாதிரி நேர்ந்தால் முதல் வேலை 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழைப்பது. பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்க முடிந்தால் முடக்குவார்கள். தாமதம் ஆக ஆக வாய்ப்பு குறையும். அடுத்து வங்கி. உங்கள் தவறில்லாமல் போன பணத்துக்கு மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் பொறுப்பு உங்களுடையதல்ல. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது உங்கள் கணக்கில்தான். தெரிவித்த பிறகு போனால் வங்கி பொறுப்பு. அதனால் புகார் எண்ணை நேரத்தோடு வாங்கி வையுங்கள், ஸ்கிரீன்ஷாட்டும்.

கிண்டிலில் வாங்கிய புத்தகம் என் சொத்துதானே? (மதுரை)

இல்லை. படிக்கும் உரிமை மட்டும். 2009இல் உரிமைச் சிக்கல் வந்தபோது, விற்ற நாவல்களை வாசகர்களின் கருவியிலிருந்தே அமேசான் அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2025 பிப்ரவரி முதல் புத்தகத்தைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியையும் நிறுத்திவிட்டது. என்றென்றும் வேண்டிய புத்தகத்தை அச்சில் வாங்குங்கள்.

வாட்ஸ்அப் நம் செய்திகளை ஃபேஸ்புக்குக்குக் கொடுக்கிறதா? (நாகர்கோவில்)

செய்தியின் உள்ளடக்கம் முனைக்கு முனை பூட்டப்பட்டது. கேள்வி அதுவல்ல, உங்கள் எண், போன் விவரம், எப்போது எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்பவை. இவற்றைத் தாய் நிறுவனமான மெட்டாவோடு பகிர்வது பற்றி 2021இல் 'ஏற்றுக்கொள் அல்லது விலகு' என்று வந்த கொள்கை மாற்றத்துக்காக 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய் அபராதம் விதித்தது நம் போட்டி ஆணையம். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று: பேக்கப்பைப் பூட்டுங்கள். தானாகப் பூட்டப்படாது. செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போனால் கடைசியில் இருக்கும். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வையுங்கள். தொலைத்தால் வாட்ஸ்அப்பாலும் மீட்க முடியாது.

விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாம். ஏழு வருட லேப்டாப்பைக் குப்பையில் போடவா? (கோவை)

போடாதீர்கள். மாதாந்தர இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை பேக்கப் செய்தால் கட்டணம் கிடையாது. விண்டோஸ் 11 ஏறவில்லை என்றால் பயாஸில் (விண்டோஸ் எழும் முன்பே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்டெலில் 'பிடிடி', ஏஎம்டியில் 'எஃப்டிபிஎம்' என்ற பெயரில் இருக்கும். இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே என்றால் ஏறாது. அதற்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். இன்னும் பல வருடம் ஓடும் பொருளை ஒரு நிறுவனத்தின் தேதிக்காகத் தூக்கிப் போட என் மனம் ஒப்பவில்லை.

ஸ்மார்ட் டிவி நாம் பார்ப்பதைக் கவனிக்குமா? (வேலூர்)

கவனிக்கும். 'ஏசிஆர்' என்று பெயர். கேபிள், டிவிடி எதில் படம் ஓடினாலும் திரையைப் பார்த்தே கண்டுபிடிக்கும். 1.1 கோடி டிவிகளில் இதைச் சொல்லாமல் செய்ததற்காக 2017இல் விசியோ நிறுவனம் 22 லட்சம் டாலர் கட்டியது. சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன்', எல்ஜியில் 'லைவ் ப்ளஸ்' என்பதை அணையுங்கள். பெரிய அப்டேட் வந்த பிறகு மறுபடி ஒருமுறை பாருங்கள்.

நிபந்தனைகளில் 'வழக்கு வெளிநாட்டு நீதிமன்றத்தில் மட்டும்' என்று போட்டிருக்கிறது. நான் அவ்வளவுதானா? (விருதுநகர்)

இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் தீர்ப்பார் என்ற ஒப்பந்தம் இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அது தடையல்ல என்று 2018இல் உச்ச நீதிமன்றம் எம்மார் வழக்கில் சொல்லிவிட்டது. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. 'இ-ஜாக்ரிதி' தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீரவில்லை என்றால் அந்த மின்னஞ்சலே உங்கள் முதல் ஆவணம். பிரச்சினை நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் பதிய வேண்டும்.