பிளகின் ஓட்டை: மதுரைக் கடைக்காரர்கள் கேட்டவை

சிறு கடைகளின் வெப்சைட்டைப் பராமரிப்பது என் தொழில். வெப்சைட் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் கூடுதல் வசதிக்காகச் சேர்ப்பதுதான் பிளகின். அதில் உள்ள ஓட்டை வழியே ஹேக்கர் புகுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

விளக்குத்தூண் பக்கம் சுங்குடிக் கடை வைத்திருப்பவர்: கூகுளில் எங்கள் கடையைத் தேடினால் ஜப்பானிய எழுத்தில் ஏதேதோ பக்கங்கள் வருகின்றன. பிளகினை அப்டேட் பண்ணியும் போகவில்லையே, தம்பி?

அண்ணே, அப்டேட் பண்ணினால் ஓட்டை அடைபடும், அவ்வளவுதான். ஏற்கெனவே உள்ளே புகுந்தவன் அங்கேயேதான் இருப்பான். எதையும் அழிக்கும் முன் இப்போது இருப்பதை அப்படியே ஒரு காப்பி எடுத்து வையுங்கள், அவன் எப்படி வந்தான் என்று பார்க்க அது வேண்டும். அப்புறம் யூசர் பட்டியலைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத அட்மின் யாராவது இருக்கிறாரா பாருங்கள். சேலைப் படங்கள் இருக்கும் அப்லோட்ஸ் ஃபோல்டரில் பி.எச்.பி. ஃபைல் (சர்வரில் ஓடும் புரோகிராம்) கிடந்தால் சந்தேகப்படுங்கள். அங்கே அதற்கு வேலையே இல்லை.

அந்தப் பக்கங்கள் வரத் தொடங்குவதற்கு முந்தைய பேக்கப் இருந்தால் அதைப் போட்டு, உடனே பிளகினை அப்டேட் செய்யுங்கள். பேக்கப் இல்லையென்றால் வேர்ட்பிரஸையும் பிளகின்களையும் புதிதாக இறக்கிப் போட வேண்டும். அட்மின், ஹோஸ்டிங், டேட்டாபேஸ் என எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். வேர்ட்பிரஸின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் உள்ள ரகசியச் சாவிகளையும் மாற்றினால், லாகின் ஆகியிருக்கும் எல்லோரும் வெளியே தள்ளப்படுவார்கள். பலர் மறக்கும் ஒன்று, உங்கள் சைட் கூகுள் தேடலில் எப்படி வருகிறது என்று ஓனர் பார்க்கும் கூகுள் சர்ச் கன்சோல். அங்கே அவன் தன்னையும் ஓனராகச் சேர்த்திருக்கக்கூடும்.

திருமங்கலம், கல்லூரி மாணவி: பயன்படுத்தாத பிளகினை டீஆக்டிவேட் செய்து வைத்தால் போதுமா அண்ணா?

போதாதும்மா, டெலீட் பண்ணிவிடு. 2020 செப்டம்பரில் ஃபைல் மேனேஜர் பிளகினில் பெரிய ஓட்டை வெளிப்பட்டது. அப்போது 7 லட்சத்துக்கும் மேற்பட்ட சைட்டுகளில் அது இருந்தது. லாகினே இல்லாமல் யாரும் ஃபைல் ஏற்றலாம் என்ற நிலை. ஓட்டை இருந்த ஃபைலை வேர்ட்பிரஸ் வழியாகப் போகாமல் நேராகவே கூப்பிட முடிந்தது. அப்படிப்பட்ட ஃபைல் சர்வரில் கிடக்கும்வரை, டீஆக்டிவேட் செய்ததால் பயனில்லை.

மேலூர், ஹார்டுவேர் கடை: காசு கட்டி வாங்கும் பிளகினை நண்பர் இலவசமாக அனுப்பினார். போடலாமா?

வேண்டாம். அப்படிச் சுற்றும் காப்பிகளில், ஹேக்கர் ரகசியமாக நுழையப் பின்வாசல் வைத்தே தருவது வழக்கம். அப்டேட்டும் ஒழுங்காக வராது.

மாட்டுத்தாவணி, டிராவல்ஸ்: ஆட்டோ அப்டேட் போட்டால் சைட் உடைந்துவிடும் என்று டெவலப்பர் நிறுத்தி வைத்திருக்கிறார். சரியா?

அவர் பயம் பொய்யல்ல, சில நேரம் உடையத்தான் செய்யும். ஆனால் 2024 ஆகஸ்டில் லைட்ஸ்பீட் கேஷ் பிளகினில் என்ன நடந்தது? 50 லட்சத்துக்கும் மேற்பட்ட சைட்டுகளில் இருந்த பிளகின் அது. வெளியாள் அட்மினாகவே நுழையலாம் என்ற ஓட்டையை 6.4 பதிப்பில் சரிசெய்தார்கள். விவரம் வெளியானதுமே தாக்குதலும் தொடங்கிவிட்டது. மாதம் ஒருமுறை அப்டேட் செய்கிறவருக்கு அங்கே நேரமே இல்லை. ஆகவே ஆட்டோ அப்டேட்டைப் போடுங்கள், தினசரி பேக்கப்பை வேறொரு இடத்தில் வையுங்கள். டிக்கெட் புக்கிங், பேமென்ட் பிளகின்களை மட்டும் காப்பி சைட்டில் சோதித்து, ஓரிரு நாளுக்குள் ஏற்றச் சொல்லுங்கள். உடைந்த பக்கத்தை ஒரு மணி நேரத்தில் மீட்கலாம், திருடுபோன பயணிகள் விவரத்தை மீட்க முடியாது.

உசிலம்பட்டி, ஆன்லைன் விற்பனை செய்யும் அக்கா: ஆர்டர் போட்டவர்களின் போன் நம்பர் வெளியே போயிருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

மறைக்காதீர்கள் அக்கா. உங்கள் கடை பெயரைச் சொல்லி யாராவது ஓ.டி.பி. கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று அவர்களுக்கு இன்றைக்கே செய்தி அனுப்புங்கள். யாருக்காவது பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.