டாக்டரிடம் கேளுங்கள்: "இது புற்றுநோயா, இல்லையா?"

கேள்வி: என் கணவருக்கு 61 வயது. இரண்டு வருடமாக எம்.டி.எஸ். என்ற ரத்தக் கோளாறு. அவ்வப்போது ரத்தம் ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. போன முறை எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் பிளாஸ்ட் செல்கள் 4 சதவீதம் என்றிருந்தது, இப்போது 9. "லுகேமியாவாக மாறலாம், பார்ப்போம்" என்கிறார் டாக்டர். பார்ப்போம் என்றால் எதைப் பார்ப்பது? ரிப்போர்ட் வரும் நாளில் இவர் யாரிடமும் பேசுவதில்லை, எனக்கோ ராத்திரித் தூக்கமே போய்விட்டது. இது புற்றுநோயா இல்லையா, அதையாவது சொல்லுங்கள்.

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், எம்.டி.எஸ்.ஸையே உலக சுகாதார நிறுவனம் ரத்தப் புற்றுநோய்களோடுதான் சேர்த்திருக்கிறது. ஆனால் இந்த நோய் எல்லாருக்கும் ஒரே வேகத்தில் போவதில்லை. மூன்றில் ஒருவருக்குத்தான், ஏறக்குறைய, அது ஏ.எம்.எல். என்ற தீவிர லுகேமியாவாக மாறுகிறது.

பிளாஸ்ட் என்பது முதிராத ரத்த அணு. ஆரோக்கியமானவர் மஜ்ஜையிலும் கொஞ்சம் இருக்கும், ஆனால் 5 சதவீதத்துக்குக் கீழே. பொதுவாக 20ஐத் தொட்டால் ஏ.எம்.எல். என்கிறோம். இந்த 20 நாங்கள் போட்ட கோடுதான். 2001இல் உலக சுகாதார நிறுவனம் மாற்றும்வரை அது 30ஆக இருந்தது. 19இல் இருப்பவர் நிம்மதியாக இருக்கலாம், 21 வந்தால் எல்லாம் முடிந்தது என்றெல்லாம் உடம்புக்குத் தெரியாது. அதனால் கோட்டைத் தாண்டுகிறாரா என்று காத்துக் கிடக்காதீர்கள், 9 வந்த இப்போதே திட்டம் கேளுங்கள்.

அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் நேராகவே கேட்கலாம்: நோய் எவ்வளவு தீவிரமாகப் போகும் என்று கணிக்கும் ஐ.பி.எஸ்.எஸ்.-ஆர் மதிப்பெண் இவருக்கு எவ்வளவு? குரோமோசோம் பரிசோதனையும் டி.பி.53 போன்ற மரபணுக்களின் பரிசோதனையும் செய்தாயிற்றா? ஸ்டெம்செல் மாற்று சிகிச்சைக்கு, அதாவது இன்னொருவரின் மஜ்ஜைச் செல்களை ஏற்றுவதற்கு, இவர் தகுதியானவரா? இந்தக் கடைசிக் கேள்வியைத் தள்ளிப்போடாதீர்கள். நோயை அடியோடு தீர்க்கக்கூடியது அது ஒன்றுதான். ஆபத்தும் உண்டு, மறைக்க மாட்டேன், ஆனால் 61 வயது மட்டுமே அதற்குத் தடை இல்லை. தானம் தருபவரைத் தேடவே நாளாகும். பிள்ளைகள் பாதிப் பொருத்தமாக இருந்தாலும் இப்போது செய்ய முடிகிறது.

எம்.டி.எஸ்.ஸுக்குத் தரும் அசாசைட்டிடின் என்ற மருந்தின் ஊசி ஆரம்பித்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். வழக்கமாக 28 நாளுக்கு ஒரு சுற்று, அதில் 7 நாள் ஊசி. முதல் ஓரிரு சுற்றில் ரத்த அணுக்கள் இன்னும் குறையும், பார்க்கவே பயமாக இருக்கும், பலர் அங்கேயே "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய நாலு முதல் ஆறு சுற்று வரை ஆகலாம்.

காய்ச்சல் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. தெர்மாமீட்டர் 100.4 காட்டினால் ராத்திரி இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பாராசிட்டமால் போட்டுக் காலையில் பார்க்கலாம் என்று படுக்கக் கூடாது, வெள்ளணுக்கள் குறைந்தவருக்குக் கிருமி சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கப் பரவிவிடும். வலிக்கு ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் எதையும் கேட்காமல் தர வேண்டாம். முழங்காலுக்குக் கீழே ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள் வந்தால் பிளேட்லெட் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கே போன் செய்யுங்கள்.

அப்புறம், அவருடைய மௌனம். ரிப்போர்ட் அன்று அவரைப் பேசவைக்க முயலாதீர்கள். "இதைப் பற்றி இன்றைக்குப் பேசலாமா, நாளைக்கா?" என்று மட்டும் கேட்டு விட்டுவிடுங்கள், அவர் நாளை என்றால் நாளைதான். ராத்திரியில் போனில் வரும் ரிப்போர்ட்டைத் திறப்பதில்லை என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளலாம், அந்த நேரத்தில் விளக்கம் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு நோட்டில் ஹீமோகுளோபின், பிளேட்லெட், நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளணு) மூன்றையும் தேதியோடு எழுதி வாருங்கள். ஒரு நாள் எண்ணைவிட அது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். உங்கள் தூக்கத்தைப் பற்றியும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் மருத்துவ விஷயம்தான்.

கேள்வி: என் அண்ணனுக்கும் எம்.டி.எஸ்.தான். வெளியாள் ரத்தம் எதற்கு, நானே தருகிறேன் என்றால் ஆஸ்பத்திரியில் வேண்டாம் என்கிறார்கள். ஏன் டாக்டர்?

பதில்: பின்னால் ஸ்டெம்செல் மாற்று சிகிச்சைக்குத் தேவைப்படலாம் என்று உங்களைப் பத்திரப்படுத்துகிறார்கள். கூடப்பிறந்தவரின் மஜ்ஜை முழுதாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இப்போதே உங்கள் ரத்தத்தை ஏற்றினால் அவர் உடம்பு உங்கள் செல்களை எதிர்க்கப் பழகிவிடலாம், நாளை உங்கள் ஸ்டெம்செல்லையே தள்ளிவிடலாம். நெருங்கிய உறவினர் ரத்தத்தைக் கதிர்வீச்சு காட்டாமல் ஏற்றினால், அரிதாக, அதிலுள்ள வெள்ளணுக்கள் அவரையே தாக்குவதும் உண்டு. கொடுக்கும் ஆசை இருந்தால் வேறு யாருக்காவது கொடுங்கள். அண்ணனுக்கு இதுவரை எத்தனை பை ஏறியிருக்கிறது என்று கணக்கு வையுங்கள், பைக்கு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உடம்பில் தங்குகிறது. 20 பையை நெருங்கினால், உடம்பில் தங்கிய இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.