நுவரெலியாவில் கையைக் கடிக்காமல் சாப்பிட வழி உண்டா?

ஏப்ரலில் சென்னையிலிருந்து குடும்பத்தோடு இலங்கைக்கு வருகிறோம், நுவரெலியாவில் கிரகரி வாவிப் (ஏரிப்) பக்கத்து உணவகங்களின் விலையைப் பார்த்தே மலைத்துவிட்டோம், மலிவாகச் சாப்பிட வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. ஆனால் எங்கே சாப்பிடுகிறீர்கள் என்பதைவிட எத்தனை மணிக்கு என்பதுதான் எங்கள் ஊரில் பெரிய விஷயம். பகலில் வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள். பொழுது சாய்ந்த பிறகுதான் காசு பறக்கும்.

பஸ் நிலையத்தையும் சந்தையையும் ஒட்டி, மரக்கறி (காய்கறி) லொறிக்காரர்கள் சாப்பிடுகிற கடைகள் இருக்கின்றன. காலையில் இடியப்பம், சொதி, பராட்டா, பருப்புக்கறி கிடைக்கும். மதியம் சோறும் கறியும். உட்கார்ந்து சாப்பிட்டால் சோறும் மரக்கறியும் இன்னொரு தரம் வைப்பார்கள். மீனோ கோழியோ ஒரு துண்டுதான், விலை ஏறுவதும் அதனால்தான். பார்சலில் சோற்றை அமுக்கிக் கட்டியிருப்பார்கள். சின்னப் பிள்ளைகள் இருவருக்கு ஒன்று தாராளம். பன்னிரண்டு மணிக்கே வாங்கிவிடுங்கள், இரண்டு மணிக்குப் போனால் நல்ல கறியெல்லாம் தீர்ந்திருக்கும். சைவம் என்றால் சம்பலில் மாசிக் கருவாடு போட்டிருக்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் போட்டிருப்பார்கள்.

தேநீருக்கு உட்கார்ந்தால், கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், வடை, கட்லட் என்று கொண்டுவந்து வைப்பார்கள். பதற வேண்டாம், எடுத்ததற்கு மட்டும்தான் காசு. நீங்கள் எழுந்ததும் பரிமாறுகிற தம்பி தட்டில் மிச்சமிருப்பதை எண்ணிவிட்டு, கல்லாவைப் பார்த்துத் தொகையைச் சத்தமாகச் சொல்லுவார். (அமுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.) இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ (பாலில்லாத தேநீர்) இந்தக் குளிருக்கு அவ்வளவு நன்றாக இருக்கும். ஸ்ட்ராபெரி கடைகளுக்குப் பிள்ளைகளுக்காக ஒருமுறை போகலாம், அவ்வளவுதான்.

இரவில் சின்னக் கடைகள் சீக்கிரம் அடைத்துவிடும். அப்புறம் கொத்து ரொட்டிதான் கை கொடுக்கும். ஒரு தட்டை இரண்டு பேர் சாப்பிடலாம், கோழியைவிட முட்டைக் கொத்து மலிவு. பெரிய ஹோட்டலுக்குப் போவதென்றால் மெனுவின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு உட்காருங்கள். 10 சதவீத சேவைக் கட்டணம், 18 சதவீத வற் (VAT) வரி இரண்டும் தனி என்று போட்டிருந்தால், மெனுவில் உள்ள விலைக்கு மேல் கால்பங்குக்கும் அதிகமாகக் கொடுக்க வேண்டிவரும்.

நீங்கள் வருவது ஏப்ரல் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். புத்தாண்டையொட்டி 13, 14ஆம் தேதிகளில் வேலையாட்கள் வீட்டுக்குப் போய்விடுவதால் சின்னக் கடைகள் பல பூட்டியிருக்கும். சீசன் கூட்டத்தில் திறந்திருக்கிற கடைகளிலும் இடம் கிடைப்பது கஷ்டம். அந்த நாட்களில் இங்கே இருப்பீர்கள் என்றால் அடுப்பு வசதியுள்ள அறையாகப் பாருங்கள். பாண் (ரொட்டி), முட்டை, பருப்பு எல்லாம் 12ஆம் தேதியே வாங்கி வைத்துவிடுங்கள்.