சேலத்தில் இருக்கிறேன். உடம்பு குறைய ராத்திரி சூப் மட்டும் குடிக்கலாமா? ஏற்காட்டு முடவாட்டுக்கால் கிழங்கு சூப் உதவுமா?

சூப்பை மட்டும் குடித்துவிட்டுப் படுத்தால் பத்தரை மணிக்குப் பசிக்கும். அப்போது தட்டுவடை செட் மாதிரி நொறுக்குத்தீனியைக் கை தேடும். சூப்புக்கு நல்ல இடம் சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்னால்தான். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் 2007 ஆய்வில், மதியச் சாப்பாட்டுக்கு முன் சூப் குடித்தவர்களுக்கு, சூப்பின் கலோரியையும் சேர்த்தே, மொத்தம் சுமார் 20 சதவீதம் குறைவாக உள்ளே போனது. வழக்கமான நாலு இட்லியை அப்படியே சாப்பிட்டால் மட்டும் பலன் இல்லை. சூப் கூடுதல் சாப்பாடாகிவிடும். இட்லியை இரண்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தெளிந்த ரசத்தை டம்ளரில் குடித்தாலும் வயிறு நிறையும், ஆனால் புரதம் பெயருக்குத்தான் இருக்கும். பருப்பு சேர்ந்தால்தான் பசி தாங்கும். இரண்டு பேருக்குப் பாசிப்பருப்பு 60 கிராம், சுரைக்காய் அல்லது சௌசௌ 200 கிராம், சின்ன வெங்காயம் ஆறு, பூண்டு நாலு பல், மஞ்சள்தூள், தண்ணீர் 600 மில்லி. ஒரு டீஸ்பூன் எண்ணெயில் சீரகம், வெங்காயம், பூண்டை வதக்கி, மற்றதைப் போட்டுக் குக்கரில் மூன்று விசில் விடுங்கள். பாதியை மட்டும் மத்தால் கடையுங்கள். அந்தப் பருப்பே கெட்டி கொடுத்துவிடும். முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி பிறகு போட்டு, மூடாமல் நாலு நிமிடம் கொதிக்கட்டும். முதலிலேயே உப்புப் போட்டால் வற்றியபின் கரிக்கும், கடைசியில் போடுங்கள். மிளகையும் அப்போதே தட்டிப் போடுங்கள், முன்னால் போட்டால் வாசம் ஆவியோடு போய்விடும். ஆளுக்குச் சுமார் 150 கலோரி, 8 கிராம் புரதம். இதோடு இரண்டு இட்லி, ஒரு அவித்த முட்டை என்றால் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது.

சேலத்தில் ஜவ்வரிசி கைக்கெட்டும் பொருள் என்பதால் கெட்டிக்கு அதைப் போடத் தோன்றும். 20 கிராமிலேயே 70 கலோரி; அத்தனையும் மாவுச்சத்து. சோளமாவை எல்லாரும் திட்டுகிறார்கள், ஆனால் கிண்ணத்துக்கு ஒரு டீஸ்பூன் போட்டால் பத்துப் பதினைந்து கலோரிக்குள்தான். கடைச் சூப்பில் கவனிக்க வேண்டியது மேலே மிதக்கும் வெண்ணெயை: ஒரு டேபிள்ஸ்பூனுக்கு 100 கலோரி. பொரித்த நூடுல்ஸ் தூவினால் கேட்கவே வேண்டாம்.

முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பைத் தாராளமாகக் குடிக்கலாம். கிழங்கின் மேலே இருக்கும் பழுப்பு ரோமத்தைக் கத்தியால் நன்றாகச் சுரண்டி, கழுவி, நறுக்கி, மிளகு சீரகம் பூண்டோடு இடித்துக் கொதிக்க வைத்து வடிகட்ட வேண்டும். சுரண்டாமல் விட்டால் ரோமம் தொண்டையில் உறுத்தும். ஆட்டுக்கால் ருசி வருகிறதே என்று புரதக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள், வடிகட்டிய சாறுதான் அது. கொழுப்பைக் கரைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம்.

பாக்கெட் சூப்பில் உப்பு அதிகம். அது உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைப்பதால் மறுநாள் காலை எடை கூடித் தெரியும். கொழுப்பு ஏறிவிட்டதென்று பயந்து பட்டினி கிடக்காதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் ராத்திரிச் சாப்பாட்டைக் குறைக்கும் முன் டாக்டரிடம் அளவைக் கேட்க வேண்டும், தூக்கத்தில் சர்க்கரை இறங்கிவிடலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் பருப்பு, கீரை அளவையும் அவரிடமே கேளுங்கள்.