பூவும் தலையும் சமமாக வந்தால் அது தற்செயல் வரிசைதானா?

இல்லை. மார்த்தாண்டத்தில் நான் எடுக்கும் டியூஷனிலும் பிள்ளைகள் முதலில் இங்கேதான் தடுமாறுவார்கள். பூ, தலை, பூ, தலை என்று மாறி மாறி 20 முறை எழுதிப் பாருங்கள். பத்துக்குப் பத்து, எண்ணிக்கை சரி. ஆனால் அடுத்தது என்ன என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

எண்ணிக்கைச் சோதனை ஏமாறும் இடத்தில் கைகொடுப்பது ரன்ஸ் டெஸ்ட் என்கிற ஓட்டச் சோதனை. ஒரே முகம் தொடர்ந்து வருவது ஓர் ஓட்டம். பூ பூ தலை பூ என்றால் 3 ஓட்டங்கள். பத்துப் பூவும் பத்துத் தலையும் கலந்த தற்செயல் வரிசையில் சராசரியாக 11 ஓட்டங்கள் வரும். 6 அல்லது அதற்குக் குறைவு, 16 அல்லது அதற்கு மேல் என்றால் வழக்கமான 5 சதவீத அளவுகோலில் (தற்செயலாக இப்படி அமைய 5 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பே உண்டு என்பதால்) சந்தேகப்படலாம். நம் மாறி மாறி வரிசையில் 20 ஓட்டங்கள்! அங்கேயே பிடிபட்டுவிடும்.

வகுப்பில் பாதிப் பேரை நாணயம் சுண்டச் சொல்லுங்கள், மீதிப் பேரை மனதில் தோன்றியபடி எழுதச் சொல்லுங்கள். எழுதுகிறவர்கள் ஒரே முகத்தை நான்கு முறை தொடர்ந்து போடத் தயங்குவார்கள். உண்மையில் 20 சுண்டலில் அப்படியொரு தொடர் வர சுமார் 77 சதவீதம் வாய்ப்பு உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது.

அப்புறம், சோதனையில் தேறினால் தற்செயல் என்று நிரூபணமாகிவிடாது. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் 'பை' (π) என்ற எண்ணின் இலக்கங்கள் இத்தகைய சோதனைகளில் நன்றாகவே தேறுகின்றன. ஆனால் ஒவ்வோர் இலக்கமும் முன்பே தீர்மானமானது.